‘சொல்லி எவ்வளவு நேரமாச்சு?’ மலையகத்தில் அவசர உதவி எங்கே தாமதமாகிறது

இலங்கையின் மலையகத்தில் மண் சரிந்தாலும், தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தில் தீப்பிடித்தாலும் மறுநாள் காதில் விழுவது ஒரே பேச்சுதான்: “சொல்லி எவ்வளவு நேரமாச்சு, ஒருத்தரும் எட்டிப் பார்க்கல்ல.” அதிகாரிகளைக் கேட்டால், “தகவல் கிடைத்த உடனேயே ஆட்களை அனுப்பிவிட்டோம்” என்பார்கள். கேட்பவருக்கு யாரோ ஒருவர் பொய் சொல்வது போலத் தோன்றும். பல நேரங்களில் இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். ஊர்க்காரர் மண் விழுந்த நொடியிலிருந்து எண்ணுகிறார். அதிகாரி தன் மேசைத் தொலைபேசி அடித்ததிலிருந்து எண்ணுகிறார். நடுவே ஒரு மணி நேரமோ ஒரு முழு இரவோ போயிருக்கும். அது யாருடைய கணக்கிலும் வராது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்துபோன பிறகு இந்தப் பேச்சில் காரம் ஏறிவிட்டது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பட்ட அடி சொல்லி மாளாது. கோபம் நியாயமானதுதான். ஆனால் ‘லேட்டா வந்தாங்க’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் பல கோளாறுகளைப் போட்டு மூடிவிடுகிறோம். யாரைக் கேட்க வேண்டுமோ அவர் தப்பிவிடுகிறார். கடைசியில் வந்து சேர்ந்த அம்புலன்ஸ் சாரதிதான் ஏச்சு வாங்குகிறார். அந்தக் கோளாறுகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கொழுந்து சிவந்தால் யாரைக் கேட்பது?

காலையில் பறித்த தேயிலைக் கொழுந்து தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது சூடேறிச் சிவந்து கிடக்கிறது என்று வையுங்கள். தோட்டத்தை நடத்தும் துரை முதலில் லொறிக்காரரைத்தான் பிடிப்பார். ஆனால் கொழுந்தைச் சாக்கில் அமுக்கி அடைத்தது மலையில். நிறுப்பதற்காக மடுவத்தில் காத்துக் கிடந்தது அரை மணி. லொறி இன்னொரு பிரிவுக்குப் போயிருந்ததால் இன்னொரு அரை மணி. பாதையில் பள்ளம். தொழிற்சாலையில் இறக்க ஆள் இல்லை. லொறி உண்மையில் ஓடிய நேரம் இருபது நிமிடம்தான். புது லொறி வாங்கிக் கொடுத்தாலும் அடுத்த வாரமும் கொழுந்து சிவக்கும்.

அவசர உதவியும் இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் வருகிறது. ஆபத்து நடந்ததை யாராவது காண வேண்டும். கண்டவர் சரியான இடத்துக்குச் சொல்ல வேண்டும். கேட்டவருக்கு இடம் விளங்க வேண்டும். அந்த நேரத்தில் சும்மா நிற்கும் வண்டியும் ஆளும் இருக்க வேண்டும். வண்டி பெரிய வீதியில் வர வேண்டும், அங்கிருந்து தோட்டத்துப் பாதையில் ஏற வேண்டும், பாதை முடிந்த இடத்திலிருந்து ஆள் நடந்து வர வேண்டும். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வரைக்கும் திரும்பிப் போகும் பயணம்.

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிடலாம். மறுமொழி நேரம் என்பது, அழைப்பு கிடைத்ததிலிருந்து உதவி அந்த இடத்துக்கு வந்து சேரும் வரையான நேரம். சேவை நடத்துபவர்கள் பொதுவாகப் பதிவதும் அறிவிப்பதும் இதைத்தான். அழைப்புக்கு முன்னால் போன நேரமும், வண்டி நின்ற இடத்திலிருந்து ஆளைத் தூக்கி வந்த நேரமும் இதில் சேராது. கொழும்பில் இந்த வித்தியாசம் சில நிமிடம். தோட்டத்தில் அதுதான் பெரும் பங்கு. ஆகவே “எங்கள் சராசரி மறுமொழி நேரம் இத்தனை நிமிடம்” என்று யாராவது சொன்னால், கடிகாரத்தை எங்கே தொடங்கி எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்காமல் நம்ப வேண்டாம்.

சொல்வதிலேயே போகும் நேரம்

இந்த மாதிரி ஒரு அழைப்பை மலையகத்தில் யாரும் கேட்டிருப்பார்கள்.

“எந்த இடம்ணா?”
“மேல் டிவிசன் சேர்.”
“எந்தத் தோட்டம்?”
“எங்க தோட்டந்தான் சேர், கோயிலுக்குக் கீழ, ஆறாம் நம்பர் லயம்.”
“அண்ணா, கிட்ட இருக்கிற டவுன் எது? பொலிஸ் ஸ்டேஷன் எது?”
“சீக்கிரம் வாங்க சேர், புள்ளைக்கு மூச்சு இழுக்குது.”

இரண்டு பேரிலும் தப்பில்லை. பதறிப்போன மனிதருக்குத் தன் ஊர்தான் உலகம். மறுமுனையில் இருப்பவரோ நாடு முழுவதுக்குமான ஒரு மையத்தில் உட்கார்ந்திருக்கிறார். மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் இல்லாத தோட்டம் எது? போதாததற்கு, ஆவணத்தில் வெள்ளைக்காரன் வைத்த பெயர், வாயில் வழங்குவது இன்னொரு பெயர். லயத்துக் கதவுக்கு வீதிப் பெயரும் இலக்கமும் கிடையாது. கடிதம்கூடத் தோட்ட அலுவலகத்துக்கு வந்துதான் கை மாறும். முகவரி இல்லாதது தபாலுக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைத்துவிடுகிறோம். அம்புலன்சுக்கும் அதுதான் வழிகாட்டி.

வீட்டுக் கதவில் ஒரு தாளை ஒட்டிவைப்பது இதற்கு நல்ல மருந்து. மாவட்டம், கிட்டிய நகரம், கிட்டிய பொலிஸ் நிலையம், தோட்டத்தின் ஆவணப் பெயர், பிரிவு, லய இலக்கம், வண்டி எதுவரை ஏறும் என்பது. பத்து வயதுப் பிள்ளையும் பார்த்து வாசிக்கும்படி எழுதினால் போதும். அழைத்ததும் டோர்ச்சோடு ஒரு ஆளைப் பெரிய வீதிச் சந்திக்கு அனுப்பிவிடுங்கள். இதையெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியதில்லையா என்று கேட்டால், ஒழுங்கான முகவரி தருவது அரசாங்கத்தின் வேலைதான். அது வரும்வரை தாள்.

எந்த இலக்கம், யாருடைய வண்டி?

இலங்கையில் அவசரத்துக்கு ஒரே இலக்கம் கிடையாது. நோயாளிக்கு 1990, பொலிசுக்கு 119, தீயணைப்புக்கு 110, அனர்த்தத்துக்கு 117. மிகப் பெரிய குழப்பம் 117இல்தான்.

117 என்பது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அமைந்த நிறுவனம் அது. அங்கே அழைத்தால் மீட்புப் படையொன்று வண்டியேறி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நிலையத்தின் முதன்மை வேலை ஒருங்கிணைப்பு. அதாவது, ஆளும் வண்டியும் வைத்திருக்கும் வேறு வேறு நிறுவனங்களுக்குத் தகவல் கொடுத்து, யார் எங்கே போவது என்று பொருத்திவிடுவது. மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமோ தனியார் ஒப்பந்தக்காரரிடமோ இருக்கும். கயிறும் ஆட்பலமும் இராணுவத்திடம். ஹெலிகொப்டர் விமானப்படையிடம். சமைத்த சாப்பாட்டுக்கும் தங்கும் இடத்துக்கும் பிரதேச செயலகம். நிலையத்தின் மாவட்டக் கிளை மாவட்டச் செயலகத்தில் இயங்குகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு, சில வேளை ஒரு அனுமதி. ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு மணிக்கு அந்த அழைப்புகள் எவ்வளவு வேகமாக எடுபடும் என்பதைப் பொறுத்தது மீதி.

தீயணைப்பு இதைவிடச் சிக்கல். அது ஒரே தேசியப் படையாக இயங்குவதில்லை. கண்டி, நுவரெலியா போன்ற இடங்களில் மாநகர சபைகள் நடத்துகின்றன. தோட்டங்கள் பெரும்பாலும் பிரதேச சபைகளின் எல்லைக்குள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றிடம் தீயணைப்பு வண்டியே இல்லை. லயமோ ஒரே கூரையின் கீழ் தொடர்ந்து கட்டிய அறைகள். ஒரு அறையில் பிடித்த தீ கூரைக்குள் ஓடி வரிசை முழுவதையும் பிடிக்க அதிக நேரம் ஆகாது. நகரத்திலிருந்து வண்டி மலையேறி வரும்போது பெரும்பாலும் சாம்பலில் தண்ணீர் தெளிக்கும் வேலைதான் மிச்சம். இதைச் சாரதியின் வேகத்தால் சரிசெய்ய முடியாது. வண்டி எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதும், லயத்தில் தண்ணீர்த் தாங்கியும் குழாயும் இருக்கின்றனவா என்பதும்தான் கேள்வி.

1990 சுவசெரிய சேவையின் கதை கொஞ்சம் வேறு. இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 அம்புலன்ஸ்களோடு தொடங்கி, பிறகு நாடு முழுவதும் விரிந்தது. நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. அதற்கு முன்னால் தோட்டத்தில் யாருக்காவது சுகமில்லை என்றால் தோட்ட லொறி, இல்லாவிட்டால் கடன் வாங்கி ஆட்டோ. வீட்டு வாசலுக்கு அம்புலன்ஸ் வரும் என்ற எண்ணமே மலையகத்துக்குப் புதிது என்பதை மறந்துவிடக் கூடாது. எதிர்பார்ப்பு வந்த பிறகுதான் தாமதமும் கண்ணுக்குத் தெரிகிறது.

வண்டி கிட்டத்தான் நிற்கிறது, ஏன் வரவில்லை?

“டவுன்ல நிக்குது, நான் கண்ணால பார்த்தேன், வரல்ல.” இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் வேறொரு கணக்கு இருப்பதுதான் அதிகம். அம்புலன்ஸ் வண்டிகள் பொதுவாகப் பொலிஸ் நிலையங்களை ஒட்டி நிறுத்தப்படுகின்றன. ஒரு பிரதேசத்துக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு அது மலையிறங்கி ஆதார வைத்தியசாலைக்குப் போய், ஒப்படைத்து, திரும்பி வர இரண்டு, மூன்று மணி நேரம் எடுக்கலாம். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு வரைபடத்தில் 50 கிலோமீற்றர்கூட இல்லை. மழையும் மூடுபனியுமாக இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. அந்த இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் வரும் அடுத்த அழைப்புக்கு அந்தப் பிரதேசத்தில் வண்டியே இல்லை. பக்கத்துப் பிரதேசத்து வண்டி வர வேண்டும். அது வந்துவிட்டால் அங்கேயும் இல்லை.

ஆகவே தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு வண்டி ஒரு நோயாளியோடு எவ்வளவு நேரம் கட்டுண்டு கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சமவெளியில் ஒரு வண்டி ஒரு நாளில் பார்க்கும் வேலையை மலையில் அதே வண்டியால் பார்க்க முடியாது. சனத்தொகையை வைத்து மட்டும் வண்டிகளைப் பங்கிட்டால் மலையகத்துக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும். பாராளுமன்றத்தில் யாராவது “உங்கள் மாவட்டத்துக்கும் சமமாகத்தான் கொடுத்திருக்கிறோம்” என்று சொன்னால் நினைவில் வைக்க வேண்டியது இது.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்க்கலாம். இதுவரை மூன்று தாமதங்களைப் பிரித்திருக்கிறோம். இடம் விளங்காத தாமதம், கைமாறும் தாமதம், சும்மா நிற்கும் வண்டி இல்லாத தாமதம். ஓட்டத்தின் வேகம் இவை எதிலும் இல்லை.

பாதை யாருடையது?

பெரிய வீதியிலிருந்து லயம் வரைக்குமான அந்தக் கடைசித் துண்டுதான் மலையகத்துக்கே உரிய கோளாறு. தோட்டக் காணி 1970களில் அரசுடைமையானது. 1992இலிருந்து நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. தோட்டத்துப் பாதைகள் கம்பனியின் பொறுப்பிலேயே நின்றன. கொழுந்து லொறி ஓடினால் போதும் என்ற அளவில்தான் பல பாதைகள் இருக்கின்றன. கொழுந்து ஏற்றாத பக்கம் அதுவும் இல்லை.

பிரதேச சபையைக் கேட்டால் என்ன? அங்கே நீண்ட காலம் ஒரு சட்டச் சிக்கல். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபை நிதியைச் செலவிட்டு வேலை செய்வதற்குத் தடையாக இருந்தது. வாக்குப் போடலாம், உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், அந்த உறுப்பினரால் உங்கள் பாதைக்குக் கல் போட முடியாது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. சட்டம் மாறினாலும் பாதை தானாக மாறாது. எந்தப் பாதை சபைக்கு, எது கம்பனிக்கு என்று கைகாட்டிக்கொண்டே காலம் போகிறது.

இதன் விலை என்னவென்று நோயாளியைத் தூக்கிப் பார்த்தவருக்குத் தெரியும். கம்பளியின் நான்கு மூலையை நான்கு பேர் பிடித்து, ஈரப் படிக்கட்டில் காலை வைத்து இறங்குகிறார்கள். முன்னால் இறங்குகிறவர் உயரமாக இல்லாவிட்டால் நோயாளி தலைகீழாகச் சரிவார். அட்டை காலில் ஏறினாலும் கையை விட முடியாது. அரைக் கிலோமீற்றருக்கு அரை மணி நேரம் போய்விடும். கீழே அம்புலன்ஸ் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது; அதன் பதிவேட்டில் அது எப்போதோ ‘வந்து சேர்ந்துவிட்டது’.

பலத்த காயத்துக்கான சிகிச்சையில் ‘பொன்னான ஒரு மணி நேரம்’ என்று ஒரு பேச்சு உண்டு. அடிபட்டவருக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் முறையான சிகிச்சை கிடைத்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்ற பொது விதி அது. அறுபதாவது நிமிடத்தில் கதவு மூடிவிடும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் மேலே சொன்ன கணக்கில் ஒரு மணி நேரம் எங்கெங்கே சிந்தும் என்று கூட்டிப் பாருங்கள். இரத்தம் ஓடும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆள் லயத்தில் இருப்பது, அந்த நேரத்தில் எந்த வண்டியையும்விடக் கிட்ட இருக்கும் உதவி.

மண்சரிவு: இங்கே கடிகாரம் முன்னோக்கி ஓட வேண்டும்

விபத்திலும் நோயிலும் ‘நடந்த பிறகு எவ்வளவு சீக்கிரம்’ என்பதுதான் கேள்வி. மண்சரிவில் அது பாதிக் கேள்விகூட இல்லை. மண்ணுக்குள் முழுதாக மூடப்பட்டவருக்கு மூச்சு விட இடமில்லை என்றால் இருப்பது நிமிடங்கள். எந்த நாட்டிலும் எந்தப் படையும் அதற்குள் மலையேறி வராது. உயிரோடு மீட்கப்படுகிறவர்களில் பெரும்பாலோரை இழுத்தெடுப்பது பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆகவே மண்சரிவில் உண்மையான ‘மறுமொழி’ என்பது சரிவுக்கு முன்னால் ஆட்களை நகர்த்துவது.

அது எப்படி நடக்கிறது? மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, மண்துணிக்கைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை நிரப்புகிறது. நிரம்ப நிரம்ப நீரின் அழுத்தம் கூடி, துணிக்கைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்கிறது. சரிவில் நிற்கும் மண்ணின் பாரம் அந்தப் பிடியை மீறும்போது மொத்தமாக வழுக்குகிறது. நீர் இறங்க நேரம் எடுக்கும் என்பதால், மழை விட்ட பிறகும் மலை சரியலாம். “மழைதான் விட்டிருச்சே” என்று வீட்டுக்குத் திரும்புவது ஆபத்து என்பது இதனால்தான்.

மண்ணுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. தெரிவது மழை. அதனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழை அளவை வைத்து முன்னெச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் முதலாம் கட்டம், கவனமாக இருக்கச் சொல்லும். 100ஐத் தாண்டினால் இரண்டாம் கட்டம், கிளம்பத் தயாராகச் சொல்லும். 150ஐத் தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75ஐத் தாண்டினாலோ மூன்றாம் கட்டம், வெளியேறச் சொல்லும்.

இங்கேதான் பெரிய தவறான புரிதல். முன்னெச்சரிக்கை என்பது “உங்கள் லயத்துக்கு மேலே உள்ள மலை இன்றிரவு சரியும்” என்ற சோதிடம் அல்ல. “இந்தப் பிரதேசத்தில் சரியக்கூடிய நிலைமை கூடிவிட்டது” என்ற அறிவிப்பு. அதுவும் பிரதேச செயலகப் பிரிவு என்ற பெரிய பரப்புக்கு வருகிறது. பத்துத் தடவை சொல்லி ஒன்பது தடவை நம் மலை சரியாது. அடுத்த தடவை யாரும் அசைய மாட்டார்கள். அதை அலட்சியம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். நாட்சம்பளம் போகும், மாடு கன்று இருக்கிறது, இரவில் பள்ளிக்கூட மண்டபத்தில் இருநூறு பேருக்கு இரண்டு மலசலகூடம். போனவர்களுக்குத்தான் தெரியும் ஏன் மறுபடி போகத் தயங்குகிறோம் என்று. முகாம் மனிதர் தங்கும்படி இல்லாவிட்டால் எச்சரிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தும் பிரயோசனமில்லை.

எச்சரிக்கை வந்து சேரும் வழியும் ஒரு சங்கிலி. நிறுவனம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், அதற்குப் பிறகு லயம். இரவு பதினொரு மணிக்கு மூன்றாம் கட்டம் அறிவித்தால் கடைசிக் கண்ணிக்கு எப்போது வரும்? வந்தால் எந்த மொழியில் வரும்? தமிழ் ஆட்சிமொழி என்று சட்டம் சொல்லி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. சிங்கள அறிவிப்பு முதலில், தமிழ் பிறகு என்று சில மணி நேரம் பிந்தினால், அந்தச் சில மணி நேரமும் தாமதத்தில்தான் சேரும். கடும் மழையில் மின்சாரம் போய், தொலைபேசிக் கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துபோனால், குறுஞ்செய்தியும் இல்லை, 117உம் இல்லை. கோயில் மணியும் ஒலிபெருக்கியும் அப்போதும் வேலை செய்யும். ஒலிபெருக்கிக்கு மட்டும் பேட்டரி வேண்டும்.

எச்சரிக்கைக்குக் காத்திராமல் ஊரிலேயே பார்க்கக்கூடியவை சில உண்டு. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று, இருந்த ஊற்று வற்றுவது, தெளிந்த நீர் சேறாவது. மழையை அளக்கவும் பெரிய கருவி வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள நேரான டின் ஒன்றைத் திறந்த வெளியில், கூரைத் தண்ணீர் விழாத இடத்தில், சாயாமல் வையுங்கள். காலை ஆறு மணிக்கு அடிமட்டத்தை விட்டுப் பாருங்கள். ஏழரை சென்ரிமீற்றர் என்றால் அதுதான் 75 மில்லிமீற்றர். கொழும்பிலிருந்து தகவல் வரும் முன்னே உங்கள் கங்காணிக்குத் தெரிந்துவிடும்.

மீரியபெத்தை: ஒன்பது வருடத் தாமதம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லாந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. மீட்பு வேலை மெதுவாகப் போனது என்று அன்றைக்குப் பலரும் ஏசினார்கள். இராணுவமும் பெக்கோவும் நாள்கணக்கில் தோண்டின. சேறு மேலும் சரியும் பயம் வேறு. முதல் நாள்களில் காணாமல்போனோர் நூற்றுக்கு மேல், இருநூறு என்றெல்லாம் எண்ணிக்கை ஏறியது. பிறகு வெகுவாக இறங்கியது. யார் எந்த அறையில் இருந்தார்கள் என்ற பட்டியல் கையில் இல்லாவிட்டால் எங்கே முதலில் தோண்டுவது என்பதே தெரியாது. இதுவும் ஒரு தாமதம்.

ஆனால் பெரிய தாமதம் அந்தக் காலையில் நடக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலேயே சொல்லியிருந்தது. 2011இல் மறுபடி சொன்னது. காணி கம்பனியிடம், வீடு கட்டும் பொறுப்பு வேறு எங்கோ, போகச் சொன்னால் போவதற்கு இடம் யார் தருவது என்ற பதில் யாரிடமும் இல்லை. அறிக்கைக்கும் சரிவுக்கும் நடுவே ஒன்பது வருடம். பெக்கோ இரண்டு மணி நேரம் முந்தி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வாதாடலாம். ஒன்பது வருடத்தில் என்ன நடந்திருக்கும் என்பதில் வாதாட ஒன்றுமில்லை. மண்சரிவு விஷயத்தில் ‘மெதுவான அரசாங்கம்’ என்று திட்டுவதாக இருந்தால் நான் இந்தக் கணக்கைத்தான் முதலில் எடுப்பேன்.

நிர்வாகப் பங்கீட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் வெகுகாலம் ஐந்தே பிரதேச செயலகப் பிரிவுகள்தான். 2012 கணக்கெடுப்பில் அம்பகமுவவிலும் நுவரெலியாவிலும் தலா இரண்டு லட்சத்துக்கு மேல் சனம். வேறு மாவட்டங்களில் சில ஆயிரம் பேருக்கே ஒரு செயலகம் உண்டு. பிரிவுகளைக் கூட்டச் சொல்லிப் பல வருடம் கேட்டது அரசியல் கௌரவத்துக்காக என்று சிலர் நினைத்தார்கள். மழை இரவில் ஒரு பிரதேச செயலாளர் எத்தனை இடத்துக்கு ஒரே நேரத்தில் ஆள் அனுப்ப முடியும் என்பதுதான் அதற்குள் இருந்த கேள்வி.

கேட்பதாக இருந்தால் இப்படிக் கேளுங்கள்

சுருக்கினால், உதவி பல கை மாறி வருகிறது. மலையகத்தில் அதிகம் சிந்துவது வண்டி ஓடும் நேரத்தில் அல்ல. அதற்கு முன்னும் பின்னும். மண்சரிவில் அது வருடக் கணக்கில் முன்னால்.

ஆகவே ஆபத்து வேளையில் ஒருவர் நேரங்களைக் குறித்துக்கொள்வது நல்லது. கைத்தொலைபேசியின் அழைப்புப் பட்டியலைப் படமெடுத்து வைத்தாலே பாதி வேலை முடியும். எப்போது நடந்தது, எந்த இலக்கத்துக்கு எப்போது அழைத்தது, யார் எடுத்தார், வண்டி சந்திக்கு எப்போது வந்தது, ஆள் லயத்துக்கு எப்போது வந்தார். “ரொம்ப லேட்” என்ற முறைப்பாட்டுக்கு “விசாரிக்கிறோம்” என்ற பதில்தான் வரும். “1.10க்கு அழைத்தோம், 1.50க்குச் சந்திக்கு வந்தது, பாதை உடைந்ததால் 2.40க்குத்தான் லயத்துக்கு ஆள் வந்தார்” என்று எழுதினால், கேள்வி அம்புலன்சிடமிருந்து நகர்ந்து பாதைக்குப் பொறுப்பானவரிடம் போய்விடும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு நன்றாகப் பயன்படும். பிரதேச செயலகம், பிரதேச சபை, மாவட்டச் செயலகம் எல்லாவற்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். காரணம் சொல்லாமலே கேட்கலாம். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது தனிநபர் சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலானால் 48 மணி நேரம்.

பிரதேச சபைக்கு எழுதுவதானால், நம் தோட்டப் பிரிவுக்குப் போகும் பாதை சபையின் பொறுப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் 2018 திருத்தத்துக்குப் பிறகு அதைப் பொறுப்பேற்க என்ன நடவடிக்கை எடுத்தது என்று கேட்கலாம். பிரதேச செயலகத்துக்கானால் மூன்றே வரி போதும்: நம் தோட்டப் பிரிவைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கடைசியாக அறிக்கை தந்த திகதி என்ன, அதில் எத்தனை குடும்பங்களை அகற்றச் சொல்லியிருந்தது, இன்றுவரை எத்தனை குடும்பங்களுக்கு மாற்றுக் காணி கிடைத்திருக்கிறது.